வாடிய இலையைக் கண்டதும் தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்த வாரத்தில் மட்டும் வேர் அழுகி என்னிடம் வந்த நான்காவது செடி இது. வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மா, வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் சிவப்பு அக்லோனிமாச் செடியை வெள்ளைப் பீங்கான் தொட்டியோடு மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு மகள் கொடுத்ததாம். "ஒரு நாள்கூடத் தண்ணீர் ஊற்றத் தவறியதில்லை சார், ஆனாலும் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது" என்றார். தொட்டியின் அடியைத் தடவிப் பார்த்தேன். ஓட்டையே இல்லை. செடியைக் கவிழ்த்ததும் சாக்கடை வாடை அடித்தது. வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால், பழுப்பேறிய மேல்தோல் கையோடு வழுக்கி வந்துவிட்டது. உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிச்சம். நல்ல வேர் வெண்மையாக, விறைப்பாக இருக்கும்.

இருபது வருடமாக நான் மல்லுக்கட்டுவது ஒரே நம்பிக்கையோடுதான்: இலை தொங்கினால் செடிக்குத் தாகம் என்பது. வேர் அழுகிய செடியும் அப்படியேதான் இலையைத் தொங்கப்போடும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும். உறிஞ்சத்தான் வேர் இருக்காது. அதைப் பார்த்துப் பதறி ஒரு குவளை ஊற்றுகிறீர்கள். மறுநாள் இன்னும் தொங்குகிறது, இன்னொரு குவளை. இப்படியே ஊற்றி ஊற்றித்தான் பாதிச் செடிகள் என்னிடம் வந்து சேர்கின்றன. மண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது. மண் காய்ந்து, தொட்டி லேசாக இருந்தால் அது தாகம். மண் ஈரமாக, தொட்டி கனமாக இருந்தும் இலை தொங்கினால் அது அழுகல். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்காதீர்கள்.

துளசிக்குத் தினமும் ஊற்றிப் பழகிய கை, எனக்குப் புரிகிறது. துளசி வெயிலில் நிற்கிறது, ஊற்றுவதைக் குடித்துவிடும். அக்லோனிமா ஆசியாவின் வெப்பமண்டலக் காடுகளில் மர நிழலில் வளரும் செடி. வரவேற்பறையின் மங்கிய வெளிச்சத்தில் அது மெதுவாகத்தான் குடிக்கும்.

"அடியில் ஜல்லி போட்டிருக்கிறேனே" என்பார்கள். ஜல்லி ஓட்டைக்கு ஈடாகாது. தண்ணீர் ஜல்லிக்கு மேலே மண்ணிலேயே தேங்கும், வேர் ஓட வேண்டிய மண்ணின் உயரம்தான் குறையும்.

எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சியை மண்ணுக்குள் ஆழமாகச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டி வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். குச்சி சுத்தமாக வந்தால், அடி ஓட்டை வழியாக வெளியேறும்வரை நன்றாக ஊற்றுங்கள். தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீரே போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் காய நாளாகும், கையைக் கட்டிக்கொண்டிருங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு மண்ணில் சேர்ந்து இலை நுனி கருகும். நர்சரிப் பையில் வரும் செம்மண் வீட்டுக்குள் களியாக இறுகும். தேங்காய் நார்த்தூளும் மட்கிய எருவும் கலந்து மாற்றுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் அக்லோனிமாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். சேம்பும் கருணைக்கிழங்கும் இதன் உறவுக்காரர்கள். சரியாக வேகாத கருணை நாக்கை எப்படி அரிக்கும் என்று நமக்குத் தெரியும். இந்த இலையைக் கடித்தாலும் அதே கதிதான்.

அந்த அம்மாவின் செடியில் மேல்தண்டு இன்னும் கெட்டியாக இருந்தது. அழுகலுக்கு மேலே, உள்சதை பச்சையாகத் தெரியும் இடம்வரை வெட்டி, இரண்டு இலைகளோடு கண்ணாடிப் புட்டியில் நிறுத்திக் கொடுத்தேன். வெயில் படாத ஜன்னலோரம் வைத்து, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றச் சொல்லியிருக்கிறேன். வெள்ளை வேர் விரல் நீளம் வந்ததும், ஓட்டையுள்ள ஒரு சின்ன மண் தொட்டியோடு திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.