டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கும்போது எதற்காக என்பதையும் சொல்லுங்கள்

மருந்தகத்துக்கு (கிளினிக்குக்கு) அழைத்து நேரம் கேட்டால், கவுன்டரில் இருப்பவர் "எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்பார். இந்தக் கேள்வி பலருக்குப் பிடிப்பதில்லை. "அதை டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் நேரத்தை மட்டும் கொடுங்கள்" என்பார்கள். அந்தக் கூச்சம் மருந்தக ஊழியர்களான எங்களுக்குப் புரிகிறது. பக்கத்தில் மாமியார் இருக்கலாம், அலுவலகத்தில் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டு இருக்கலாம். ஆனால் எத்தனை நிமிடம் ஒதுக்குவது, தாதி உடன் இருக்கவேண்டுமா, வெறும் வயிற்றில் வரச் சொல்வதா, தடுப்பூசி கையிருப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில்தான் முடிவாகிறது. விவரம் எதுவும் வேண்டாம், வகையைச் சொன்னால் போதும். "புதிதாக உடம்பு சரியில்லை", "சுகர் மருந்துக்கு", "தடுப்பூசி", "பெண் மருத்துவர் வேண்டும்". இவ்வளவுதான்.

சொல்லாமல் வந்தால் என்ன ஆகும்? சளிக்கு வருபவருக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தில் சுகர், பிரஷர், முழங்கால் வலி, ஊருக்குப் போவதற்கான தடுப்பூசி எல்லாவற்றையும் பேச முயல்வீர்கள். டாக்டர் முதல் இரண்டைத்தான் தொட முடியும். மீதிக்கு இன்னொரு நாள் வரவேண்டும், இன்னொரு முறை விடுப்பு எடுக்கவேண்டும். கூடவே, உங்களுக்குப் பின்னால் காத்திருக்கும் எட்டுப் பேரின் நேரமும் தள்ளிப்போகும்.

சிங்கப்பூரில் இரண்டு வழிகள் இருக்கின்றன. அடுக்குமாடி வீட்டு புளோக் கீழே இருக்கும் தனியார் மருந்தகங்கள் பலவற்றில் இன்றும் நேரில் போய் வரிசை எண் எடுத்தால் போதும். அரசாங்கத்தின் பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்) பெரும்பாலும் முன்பதிவு முறைக்கு மாறிவிட்டன. அரசாங்கத்தின் ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் (மின்னிலக்க அடையாளம்) மூலம் நுழைந்து நேரம் எடுக்கலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். பலதுறை மருந்தகங்கள் வார நாள்களில் காலை 8 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை இயங்குகின்றன. சனிக்கிழமை பகல் 12.30 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. இரவில் காய்ச்சல் வந்தால் தனியார் மருந்தகம்தான். அங்கேயும் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே பதிவை நிறுத்திவிடுவது வழக்கம். பலகையில் 9 மணி என்று போட்டிருந்தால் 8.55க்குப் போய் நிற்காதீர்கள், கிளம்பும் முன் ஒரு முறை அழைத்துக் கேளுங்கள்.

அதிகக் கூட்டம் திங்கள் காலையிலும், நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாளிலும் இருக்கும். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) தேவைப்படுபவர்களும், வாரக் கடைசியில் பொறுத்துக்கொண்டிருந்தவர்களும் ஒன்றாக வருவார்கள். அவசரமில்லாத வேலையை வாரத்தின் நடுவில், மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்சி பற்றி ஒரு வார்த்தை: வேலைக்கு வர முடியவில்லை என்பதை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். டாக்டரைப் பார்க்க மாலை ஆகும் என்றாலும், காலையிலேயே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது நாள்பட்ட நோய்க்கு வருபவர்களைப் பற்றித்தான். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம், இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீரிழிவுக்கு நேரம் எடுப்பது இரண்டு கட்ட வேலை என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை, சில நாள் கழித்து டாக்டர். முடிவு வராமல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் அவர் பழைய எண்களை வைத்துத்தான் பேச முடியும். அதனால் டாக்டருக்கான நாளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பாக ரத்தம் எடுக்கும் நாளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே அழைப்பில் முடித்துவிடலாம்.

வெறும் வயிறு என்றால் 8 முதல் 10 மணி நேரம் உணவு இல்லை, வெறும் தண்ணீர் குடிக்கலாம். தே ஓ கோசோங்கும் (பால், சர்க்கரை இல்லாத தேநீர்) வேண்டாம், பால் சேர்த்த காப்பி கண்டிப்பாக வேண்டாம். எல்லாப் பரிசோதனைக்கும் பட்டினி தேவையில்லை. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம். எது உங்களுக்கு என்று நேரம் எடுக்கும்போதே கேளுங்கள். காரணமில்லாமல் பட்டினியோடு வந்து வரிசையில் மயங்குபவர்கள் உண்டு.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. வெறும் வயிறு என்றதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை வழக்கமான நேரத்தில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம், போடவும் வேண்டும். போடாமல் வந்தால் அழுத்தம் உயர்ந்து காட்டும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிட வாய்ப்பிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பழைய மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக் கூடுதல் அளவையும் எடுத்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், முதியவர்கள் விழுவார்கள். சுகர் மாத்திரையும் சாப்பாட்டு நேர இன்சுலினும் வேறு கதை. சாப்பிடாமல் அவற்றை எடுத்தால் சர்க்கரை கீழே இறங்கிவிடலாம். ரத்தம் கொடுத்து, பசியாறும்போது எடுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் போடுபவர்கள் முந்தின நாளே மருந்தகத்தைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். அரை மணி நேரத்துக்குள் காப்பியோ சிகரெட்டோ இருக்கக்கூடாது. பேருந்திலிருந்து இறங்கி மேம்பாலம் ஏறி ஓடிவந்தவரின் எண்ணை வைத்து மருந்தை முடிவு செய்வது யாருக்கும் நல்லதல்ல. பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் கருவி இருந்தால் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். மருந்தகத்தில் எடுக்கும் ஒரே ஓர் அளவைவிட டாக்டர் அந்தத் தாளைத்தான் அதிகம் நம்புவார்.

ஆண்டுக்கு ஒருமுறை கண் விழித்திரைப் படமும் பாதப் பரிசோதனையும் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தேவை. இவை டாக்டர் நேரத்தோடு தானாக வந்து சேர்வதில்லை, தனியாகக் கேட்டு எடுக்கவேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்று மோட்டார் சைக்கிளில் வராதீர்கள்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழந்தைகளின் தடுப்பூசிக்கு 2, 4, 6 மாதங்களிலும் பிறகு 12 மாதத்திலும் நாள் வரும். தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான ஊசி சட்டப்படி கட்டாயம். சுகாதாரப் புத்தகத்தை எடுத்து வாருங்கள், ஊசிக்குப் பிறகு கால் மணி முதல் அரை மணி வரை அங்கேயே இருக்கும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு மாதவிலக்கு நாள்களைத் தவிர்த்து நாள் எடுங்கள். காது அடைப்புக்கு வருபவர்கள் முதலில் அழைத்துக் கேளுங்கள். மெழுகு இறுகியிருந்தால், சில நாள் சொட்டு மருந்து விட்டுவிட்டு வரச் சொல்வோம், இல்லாவிட்டால் அன்று எடுக்க முடியாது. இல்லப் பணிப்பெண்ணின் ஆறு மாதப் பரிசோதனைக்கு மனிதவள அமைச்சின் கடிதமும் வேலை அனுமதி அட்டையும் தேவை. கெடு முடியும் வாரத்தில் வராதீர்கள். ஏதாவது ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்யவேண்டி வந்தால் அவகாசம் இருக்காது.

காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ கொப்புளமோ இருந்தால் உள்ளே வருவதற்கு முன் சொல்லுங்கள். காத்திருக்கும் இடத்தில் கர்ப்பிணிகளும் ஊசிக்கு வந்த கைக்குழந்தைகளும் இருப்பார்கள். தனி இடத்தில் உட்காரவைத்து முன்கூட்டியே பார்க்க ஏற்பாடு செய்ய முடியும்.

சிலவற்றுக்கு நேரம் எடுக்கவே கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் ஒருபக்கம் இழுத்துக்கொள்வது, திடீரெனக் கை கால் செயலிழப்பது, பேச்சுக் குளறுவது. இவற்றுக்கு 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். "நாளை காலை ஒன்பதுக்கு இடம் இருக்கிறதா?" என்று கேட்டபடி பக்கவாதத்தின் முதல் மணி நேரத்தை இழக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை. அந்தளவு அவசரமில்லை, ஆனால் மருத்துவமனைக்குப் போவதா என்று சந்தேகம் இருந்தால் முதலில் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். ஜிபிஃபர்ஸ்ட் திட்டத்தில் உள்ள மருந்தகம், அதில் பங்கேற்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உங்களை அனுப்பினால், அங்கே கட்டணத்தில் 50 வெள்ளி குறையும்.

இனி பெயர். நம் பெயர்களில் தந்தை பெயரும் சேர்ந்திருப்பதால் ஒரே நாளில் இரண்டு முத்துசாமிகள், மூன்று லட்சுமிகள் வருவது சாதாரணம். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள். மருந்துப் பையை வாங்கும்போது லேபிளில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று ஒரு நொடி பாருங்கள். கைத்தொலைபேசி எண் மாறியிருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். நினைவூட்டும் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பாட்டியின் நாள் கடந்துபோகும். பெற்றோருக்காக நீங்கள் நேரம் எடுப்பதானால் ஹெல்த்ஹப்பில் பராமரிப்பாளர் அனுமதியை ஒரு முறை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அப்பாவின் சிங்பாஸ் கடவுச்சொல்லைக் குடும்பமே தெரிந்து வைத்திருப்பது பாதுகாப்பல்ல.

தாத்தாவோடு பணிப்பெண்ணை அனுப்பினால், கேட்கவேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மருந்தும் ஒரே பையில் வரட்டும், ஊரிலிருந்து வந்த மாத்திரை, தேக்காவில் வாங்கிய சூரணம், லேகியம் உட்பட. தமிழில் பேசும் டாக்டரோ தாதியோ வேண்டுமென்றால் நேரம் எடுக்கும்போதே கேளுங்கள். எந்த நாளில் அவர் பணியில் இருப்பார் என்று சொல்ல முடியும். வந்து நின்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் முடியாது.

40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. அதில் சேர்ந்திருக்கும் சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளும் பரிசோதனைகளும் இலவசம், ஆனால் எந்த மருந்தகத்தில் சேர்ந்தார்களோ அங்கே. வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வேறு மருந்தகத்தில் சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு பில்லைப் பார்த்து வருந்துபவர்கள் நிறையப் பேர். எங்கே சேர்ந்தீர்கள் என்று மறந்திருந்தால் ஹெல்த்ஹப்பில் பார்க்கலாம். முதல் சுகாதாரத் திட்ட உரையாடலுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தேவை, அதைத் தனியாகக் குறிப்பிட்டு நாள் எடுங்கள்.

எடுத்த நாளை வேறு நாளுக்கு மாற்றுவதில் தவறில்லை. ஆனால் மாற்றும் முன் மாத்திரையை எண்ணுங்கள். டாக்டர் நீங்கள் அடுத்து வரவேண்டிய நாள் வரைக்கும் கணக்கிட்டுத்தான் மருந்து தருகிறார். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் ஒரு மாதம் மருந்தில்லாமல் போகும். "என் நாளை வேறு நாளுக்கு மாற்றவேண்டும், என்னிடம் பன்னிரண்டு நாளுக்குத்தான் மருந்து இருக்கிறது" என்று சேர்த்துச் சொன்னால், இடைக்கால மருந்துக்கு வழி செய்யலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு நீட்டிக்க முயலாதீர்கள். இந்தியாவுக்கு நீண்ட நாள் போகிறவர்கள் பயணச்சீட்டு வாங்கிய கையோடு அழைக்கவேண்டும். கூடுதல் மருந்துக்கும் டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ (ஹெப்படைட்டிஸ் ஏ) ஊசிகளுக்கும் கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே வந்தால்தான் பாதுகாப்பு உருவாக நேரம் கிடைக்கும். சீனப் புத்தாண்டுக்குப் பல தனியார் மருந்தகங்கள் சில நாள் மூடியிருக்கும். சுகர், ஆஸ்துமா மருந்துகளை அதற்கு முந்தின வாரமே வாங்கிவிடுங்கள்.

மருத்துவமனை நிபுணரைப் பார்க்க மானியக் கட்டணம் வேண்டுமென்றால், பலதுறை மருந்தகத்தின் பரிந்துரை வேண்டும், அல்லது சாஸ் எனும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் கீழ் தனியார் மருந்தகம் எழுதும் பரிந்துரை வேண்டும். நேராகப் போய்ப் பதிந்துகொண்டால் முழுக் கட்டணம். நிபுணரின் நாள் கிடைத்தபின் அதை ஒத்திப்போட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவீர்கள். நோய் இடையில் மோசமானால், அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் அனுப்பிய டாக்டரிடமே திரும்பி வாருங்கள். அவர் உங்கள் நாளை முன்னுக்குக் கொண்டுவரக் கேட்டுக் கடிதம் எழுத முடியும்.

தங்கும் விடுதிகளில் இருக்கும் வேலை அனுமதியில் வந்த தம்பிகளுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து விடுதிகளிலும், கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறைகளிலும் உள்ள வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்கியிருக்கவேண்டும். மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஊழியர் கொடுப்பது 5 வெள்ளி, காணொளியில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. எஃப்டபிள்யூ மாம்கேர் செயலி வழியாகக் காணொளிக்குப் போகலாம். இது தெரியாமல் தேக்காவில் ஏதோ ஒரு மருந்தகத்தில் அரைநாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். உங்கள் கடையிலோ கோயிலிலோ பழக்கமான தம்பி இருமிக்கொண்டிருந்தால், எந்த நிலையம் அவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

வர முடியாவிட்டால் முந்தின நாளே ரத்து செய்யுங்கள். குறுஞ்செய்தியில் இணைப்பு இருந்தால் அதில் செய்யலாம், இல்லாவிட்டால் ஒரு அழைப்பு. வர முடியாது என்பது அன்று காலை எட்டு மணிக்குத்தான் தெரிந்தாலும் சொல்லிவிடுங்கள். அந்த இடத்துக்கு எட்டேகாலுக்குள் வேறு ஒருவரைக் கூப்பிட்டுவிடுவோம்.