ஹெர்குலிஸ் சத்தம் ஏன் ஏறி ஏறி இறங்குது?

பத்தாங் பெர்ஜுந்தையில இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க: "ராத்திரி செம்பனத் தோட்டத்துக்கு மேல ஆர்மி பிளேன் போறப்போ ஊஉம்... ஊஉம்னு சத்தம் ஏறி ஏறி இறங்குதே, இஞ்சின் கோளாறா தம்பி? எங்க மாமியார் கெட்ட சகுனம்னு வெளிய விடமாட்டேங்குறாங்க."

கோளாறும் இல்ல, சகுனமும் இல்லக்கா. ஆர்மியும் இல்ல, நம்ம மலேசிய ஏர்ஃபோர்ஸ். அனேகமா சுபாங் பேஸ்ல இருந்து கெளம்புற சி-130 ஹெர்குலிஸா இருக்கும். 1998ல கேஎல்ஐஏ ஏர்போர்ட் தொறந்ததும் பெரிய பயணிகள் விமானமெல்லாம் அங்க போயிருச்சு, பேஸ் மட்டும் சுபாங்லயே நின்னுருச்சு. நம்ம ஏர்ஃபோர்ஸ் 1958ல ஆரம்பிச்சப்போ கையில இருந்தது காட்டுக்குள்ள சின்ன திடல்ல கூட எறங்குற டுவின் பயனியர், ஹெர்குலிஸ் வந்தது 1976ல. சபா சரவாக்குக்கும் நமக்கும் நடுவுல தென்சீனக் கடல் கெடக்குதே, ஆளு, அரிசி, ஸ்பேர் பார்ட்ஸ், வெள்ள நிவாரணம் எல்லாம் இதுலயும் தூக்கிட்டுப் போறாங்க. புகைமூட்டம் வந்தா மழை பேய வைக்க உப்புத்தண்ணிய ஏத்திட்டுப் போயி மேகத்துல தெளிக்கிறதும் இதுதான். (அப்புறம் பேஞ்ச மழை தெளிச்சதால வந்துச்சா, தானா வந்துச்சான்னு நிரூபிக்கிறது லேசுபட்ட காரியமில்ல, அத அளந்து பாக்குற ஆராய்ச்சிக்கும் கவர்மெண்ட்டு கொஞ்சம் காசு ஒதுக்கலாம்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்.)

சரி, சத்தம். எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். கார்ல எண்ணெய் மிதிச்சா இஞ்சின் சுத்துற வேகம் கூடும்ல, ஹெர்குலிஸ்ல அப்படி இல்ல. பறக்குறப்போ இஞ்சினுக்குள்ள சுத்துற டர்பைன் நிமிஷத்துக்கு சுமார் 13,820 சுத்துலயே நிக்கும், கியர்பாக்ஸ் அத 1,020 சுத்தா கொறச்சு புரொப்பெல்லருக்குக் குடுக்கும். பைலட் பவர் ஏத்துனா எரிபொருள் கூடும், ஆனா பிளேடு எல்லாம் தன் அச்சுலயே கொஞ்சம் திரும்பி காத்த இன்னும் அதிகமா வெட்டும், அந்தப் பாரத்துல வேகம் ஏறாம அதே 1,020லயே நிக்கும். எறங்குனதும் பிளேட எதிர்ப்பக்கமா திருப்புவாங்க, சுத்துற தெச மாறாது, ஆனா காத்து முன்னால தள்ளப்பட்டு பிளேன் நிக்கும், சின்ன ரன்வேயில எறங்க முடியுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப கணக்கு. 1,020ஐ 60ஆல வகுத்தா விநாடிக்கு 17 சுத்து, ஒரு புரொப்பெல்லருக்கு 4 பிளேடு, ஆக விநாடிக்கு 68 தடவ காத்து அடிபடுது. அந்த அடித்தொண்ட முனகல் இதுதான், ஜன்னல் கண்ணாடியெல்லாம் லேசா அதிரும். ஆனா இஞ்சின் நாலு இருக்கே, நாலும் அச்சு பிசகாம ஒண்ணா சுத்தாது. ஒண்ணு 1,020, இன்னொண்ணு 1,017னு வைங்க, ரெண்டு ஒலி அலையோட மேடும் மேடும் சேர்றப்போ சத்தம் ஏறும், மேடும் பள்ளமும் சேர்றப்போ அமுங்கும். நீங்க கேட்ட ஊஉம் ஊஉம் இதுதான்க்கா, ஃபிசிக்ஸ் புத்தகத்துல விம்மல்னு போட்டிருக்கும். இதக் கொறைக்கவே ஒரு இஞ்சின தலைவனா வச்சு மத்த மூணையும் அதோட சேத்துவிடுற கருவி பிளேன்ல இருக்கு, முழுசா சரி பண்ணாது, அவ்வளவுதான்.

அடுத்த தடவ சத்தம் கேட்டா மாமியாரையும் வாசல் அஞ்சடிக்கு இழுத்துட்டு வந்து, ஒரு ஊஉம்ல இருந்து அடுத்த ஊஉம் வரைக்கும் ஃபோன்ல விநாடி பாருங்க. 15ஐ (60 விநாடிய 4 பிளேடால வகுத்தது) அந்த விநாடியால வகுத்தா ரெண்டு புரொப்பெல்லருக்கும் நிமிஷத்துக்கு எத்தன சுத்து வித்தியாசம்னு வந்துரும். 5 விநாடின்னா 3 சுத்து.