ரெகுலான் - நெறித்தொகுதி

ஒரே கட்டுப்பாட்டுப் புரதத்துக்கு அடங்கி நடக்கிற, ஆனால் குரோமோசோமில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கிற மரபணுக்களின் கூட்டமே ரெகுலான். அடுத்தடுத்து அமைந்து ஒரே எம்ஆர்என்ஏவாக (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) படியெடுக்கப்படும் மரபணு வரிசை ஓபரான். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஒரு ரெகுலானுக்குள் பல ஓபரான்கள் இருக்கலாம். தனி மரபணுக்களும் இருக்கலாம்.

லத்தீனில் 'ரெகுலா' என்றால் நேர்கோல், விதி. 'ஆன்' என்ற ஈறு ஓபரானைப் பார்த்து ஒட்டவைத்தது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணுக்கள் சிதறிக் கிடந்தும் ஒரே அடக்கிப் புரதத்துக்குக் கட்டுப்படுவதைக் கண்ட மாஸ், கிளார்க் இருவரும் 1964இல் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தமிழில் சிலர் 'ஒழுங்குபடுத்தி' என்று எழுதுகிறார்கள். அது தவறு, ஒழுங்குபடுத்தி என்பது ஆணையிடும் புரதம், ரெகுலான் ஆணைக்கு உட்பட்ட கூட்டம். நம் பாடநூல்களில் 'நெறிப்படுத்துதல்' ஏற்கெனவே பழகிவிட்டதால் 'நெறித்தொகுதி' பொருந்தும். ஓபரானை அப்படியே விட்டுவிடலாம்.

காசநோய்க் கிருமியில் டாஸ்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்துக்கு அடங்கிய நெறித்தொகுதி நல்ல எடுத்துக்காட்டு. (டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் இதே புரதத்துக்கு வைத்த பெயர் டெவ்ஆர், கட்டுரை தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.) நுரையீரல் கட்டிக்குள் ஆக்சிஜன் குறைகிறது. சவ்வை ஒட்டியிருக்கும் டாஸ்எஸ், உயிரணுச்சாற்றில் இருக்கும் டாஸ்டி ஆகிய இரு உணரிகளும் தம்மிடமுள்ள ஹீம் என்ற இரும்புள்ள பகுதி வழியாக அதை அறிகின்றன. நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வந்தாலும் இவை விழித்துக்கொள்ளும். உணரி தன் ஹிஸ்டிடினில் ஏற்றிய பாஸ்பேட்டை டாஸ்ஆரின் 54ஆவது அமினோ அமிலமான அஸ்பார்டேட்டுக்குக் கைமாற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய டாஸ்ஆர், 20 கார இணைகள் நீளமுள்ள டிஎன்ஏ அடையாளத்தில் உட்கார்ந்து ஏறத்தாழ 50 மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அவற்றில் பெரிதும் பேசப்படுவது 16 கிலோடால்டன் எடையுள்ள எச்எஸ்பிஎக்ஸ் புரதம். கிருமி பெருகாமல் முடங்கிக் கிடக்கிறது. செல்சுவர் கட்டுமானத்தைத் தாக்கும் காசநோய் மருந்தான ஐசோனியாசிட், சுவர் கட்டாத கிருமியிடம் எடுபடுவதில்லை.

ஒரு மரபணு நெறித்தொகுதியில் சேர்ந்ததுதானா என்று முடிவுசெய்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டாஸ்ஆரை நீக்கிய கிருமியில் அந்த மரபணுவின் ஆர்என்ஏ குறைந்தது என்பது மட்டும் போதாது. வேறொரு மரபணு வழியாக மறைமுகமாகவும் குறையலாம். மரபணுவுக்கு முன்னால் அந்த டிஎன்ஏ அடையாளம் இருக்கவேண்டும், அங்கே டாஸ்ஆர் பிணைவதும் தெரியவேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஏறும் மரபணு எல்லாம் டாஸ்ஆருடையதும் அல்ல: பற்றாக்குறை நாள்கணக்கில் நீண்டபின் ஏறுகிற 230 மரபணுக்கள் கொண்ட இன்னொரு கூட்டம், டாஸ்ஆர் இல்லாமலேயே ஏறுகிறது.