பீரங்கிக் குண்டைத் தாங்கிய ஓக் மரம்

1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தபோது, அதன் கையில் இருந்த ஆழ்கடல் போர்க்கப்பல்கள் இருபதைத் தாண்டாது. பிரிட்டனிடம் ஐநூறுக்கு மேல். அப்புறம் ஏன் வம்புக்குப் போனார்கள்? நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு எப்போதும் ஆள் பஞ்சம். அமெரிக்க வணிகக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து, தங்கள் படையிலிருந்து ஓடிவந்தவர்கள் என்று சொல்லி ஆயிரக்கணக்கான மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது. பிரான்சோடு வியாபாரம் செய்யவும் முட்டுக்கட்டை. மேற்கே பழங்குடிகளின் நிலத்தின் மீதும் கனடாவின் மீதும் அமெரிக்கர்களுக்கு இருந்த ஆசையையும் மறைக்கக் கூடாது.

தரையில் தொடக்கமே சறுக்கல். ஆகஸ்ட் 16-ல் ஜெனரல் வில்லியம் ஹல் டெட்ராய்டை எதிரியிடம் ஒப்படைத்தார். மூன்றே நாளில் அவருடைய சகோதரர் மகன் ஐசக் ஹல், 'கான்ஸ்டிடியூஷன்' என்ற கப்பலில் பிரிட்டனின் 'கெரியேர்' கப்பலை எதிர்கொண்டார். கெரியேரின் மூன்று பாய்மரங்களும் சாய்ந்தன. கான்ஸ்டிடியூஷன் மீது பட்ட குண்டுகள் சில தெறித்துக் கடலில் விழ, "இதன் பக்கங்கள் இரும்பு!" என்று மாலுமி ஒருவர் கத்தியதாகச் சொல்வார்கள்.

இரும்பு இல்லை, மரம்தான். ஜார்ஜியா கரையோரத்தில் வளரும் லைவ் ஓக், வெட்டிய ஈரத்தோடு தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். அதன் கிளைகள் இயல்பாகவே வளைந்தவை. அந்த வளைவை அப்படியே கப்பலின் விலாச் சட்டமாகச் செதுக்கினால், நார் எங்கும் அறுபடாமல் ஓடும். இந்தச் சட்டங்களை ஏறக்குறைய ஒட்டி ஒட்டி நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் வெள்ளை ஓக் பலகை அடித்தார்கள். நீர்மட்டத்தருகே மொத்தத் தடிமன் அரை மீட்டருக்கு மேல். பாய்ந்து வரும் குண்டு நார்களை நசுக்கி விலக்கித்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு அங்குலமும் அதன் வேகத்தைத் தின்கிறது. பலகைக்குப் பின்னால் இடைவெளி இருந்தால் குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும். இங்கே அது அநேகமாக இல்லை.

இவ்வளவு கனமான மரத்துக்கு ஒரு விலை உண்டு. கப்பலின் நடுப்பகுதி அகலம். தண்ணீர் அதை நன்றாகத் தாங்கும். குறுகிய முனைகளுக்கு அந்தத் தாங்கல் போதாது. ஆகவே முனைகள் தொங்கி, அடிமரமான ஏரா வில்லாக வளையும். வடிவமைப்பாளர் ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் அடித்தளத்தில் சாய்வாகப் பெரிய சட்டங்களைப் பொருத்தி, பாரத்தை ஏரா நெடுகப் பகிர்ந்துவிட்டார். எனக்கு ஓக் மரத்தைவிட இந்தச் சாய்வுச் சட்டங்கள்தான் பெரிய சாதனை. அவை இருந்ததால்தான் 24 பவுண்டு குண்டு வீசும் பீரங்கிகளை ஏற்ற முடிந்தது. கெரியேரின் பெரிய பீரங்கிகளோ 18 பவுண்டு ரகம். ஒரே வேகத்தில் பாய்ந்தால் அமெரிக்கக் குண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் கூடுதல்.

டிசம்பரில் பிரேசில் கரையருகே பிரிட்டனின் 'ஜாவா' கப்பலும் கான்ஸ்டிடியூஷனிடம் தோற்றது. அதில் பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த ஜெனரல் தாமஸ் ஹிஸ்லப், பிற்பாடு சென்னை ராணுவத்தின் தளபதியானார். அமெரிக்காவின் இந்தப் பெரிய கப்பல்களோடு தனித்து மோத வேண்டாம் என்று 1813-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை உத்தரவே போட்டது.

இருந்தாலும் ஒரு சில கப்பல்களால் கடலை ஆள முடியாது. பிரிட்டன் துறைமுகங்களை முற்றுகையிட்டது. 1814 ஆகஸ்டில் வாஷிங்டனுக்குத் தீ வைத்தது. டிசம்பர் 24-ல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் எல்லைகளைப் பழையபடியே விட்டது. மாலுமிகளைப் பிடித்துப்போனது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நெப்போலியன் வீழ்ந்து ஆள் தேவை குறைந்ததால், அந்த வழக்கம் தானாகவே நின்றுபோனது.