எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு

"அண்ணாச்சி, அதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்." பாளையங்கோட்டையில் பொருட்களைப் படமெடுத்துப் பிழைக்கும் எனக்கு இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழும். பாய் விற்பவர் சொல்வார், பலகாரக் கடைக்காரர் சொல்வார், ஆசையாகக் கேமரா வாங்கிய கல்லூரித் தம்பிகளும் சொல்வார்கள். பாயின் ஓரம் சுருண்டிருக்கிறதா, எடிட்டிங். குத்துவிளக்கில் ஜன்னல் கம்பி தெரிகிறதா, எடிட்டிங். அல்வாவின் நிறம் மாறிவிட்டதா, அதற்கும் எடிட்டிங்.

இவற்றில் சில நடக்கும், சில நடக்கவே நடக்காது. எது நடக்காது என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் பாதி வேலை மேசையிலேயே முடிந்துவிடும். கேமராவின் சென்சார் பதிவு செய்யாத ஒன்றை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது. வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன இடத்தில் வெறும் வெள்ளைதான் இருக்கும். கோரையின் இழையோ நெய்யின் மினுமினுப்போ அதற்கடியில் ஒளிந்திருக்காது. வழக்கமான ஜேபெக் படக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு என்பதால் அதில் சற்று இழுத்துப் பார்க்க இடமிருக்கிறது. ஆனால் ராவிலும் நிரம்பி வழிந்தது வழிந்ததுதான். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த வெள்ளையில் தாமாகவே ஒரு நெசவை வரைந்து நிரப்பித் தருகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அது நீங்கள் விற்கும் பாய் இல்லை, அவ்வளவுதான்.

எடிட்டிங் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மீது பென்சிலால் டச்சப் செய்து, அம்மைத் தழும்பை மறைத்துத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்பினார்கள். முகத்துக்கு அது செல்லும். காசு வாங்கிக்கொண்டு அனுப்பும் பொருளுக்குச் செல்லாது.

பத்தமடைப் பாயையே எடுத்துக்கொள்வோம். மெல்லியதாகக் கீறிய கோரையில் நெய்த பட்டுப்பாய். கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரும் சேர்த்தே நெய்யப்பட்டிருக்கும். அதன் விலையெல்லாம் நெசவின் நெருக்கத்தில் இருக்கிறது. அந்த நெருக்கம் படத்தில் தெரியாவிட்டால், சந்தையில் சுருட்டி வைத்திருக்கும் சாதாரணப் பாய்க்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. கேமராவின் தலையிலிருக்கும் ஃபிளாஷைப் போட்டு நேராக அடித்தால் வித்தியாசம் அங்கேயே செத்துவிடும். நேர் ஒளியில் இழைக்கு இழை விழும் நிழல் காணாமல் போகிறது. நிழல் இல்லாத இடத்தில் நெசவு கண்ணுக்குத் தெரியாது.

நான் செய்வது இதுதான். பாயை மேசையில் தட்டையாக விரித்து, ஜன்னல் ஒளி மேசைமட்டத்துக்குச் சற்றே மேலாகப் பக்கவாட்டில் தவழ்ந்து வரும்படி மேசையைத் திருப்புவேன். ஜன்னலின் மேல்பாதியை அட்டையால் மறைத்தால் ஒளி இன்னும் தாழும். உடனே ஒவ்வொரு கோரையும் எழுந்து நிற்கும். பெயர் நெய்த இடத்தில் எழுத்தின் ஓரம்கூடத் தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தி, நெருக்குவதும் விலக்குவதுமாகப் பார்ப்பேன். மிக நெருங்கினால் நிழல் கரைந்துவிடும். மிக விலகினால் பாயின் ஒரு பாதி இருண்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். கணினியில் பிறகு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்த இடம் கிடைக்காது.

பாயில் வேறொரு வில்லங்கமும் உண்டு. நெருக்கமான நெசவின் வரிகளும் சென்சாரில் உள்ள புள்ளிகளின் வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் மோதும்போது, பாயில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் வந்துவிடும். மோரே என்பார்கள். புதிய கேமராக்கள் பலவற்றில் இதைத் தடுக்கும் வடிகட்டியை எடுத்துவிட்டதால் தொல்லை கூடியிருக்கிறது. பின்னால் அழிக்கப் போனால் அலையோடு சேர்ந்து நெசவின் நிறமும் போகும். எடுக்கும்போதே கேமராவை ஒரு சாண் முன்னே அல்லது பின்னே நகர்த்துங்கள், அல்லது பாயைச் சற்றே திருப்புங்கள், அலை மறைந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: கேமராத் திரையில் படத்தைச் சிறிதாகப் பார்க்கும்போது திரையே போலி அலையைக் காட்டும். முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சிவப்புச் சாயம் ஏற்றிய பாய் என்றால் மேலும் ஒரு சோதனை. படத்தின் வெளிச்சப் பரவலை வரைந்து காட்டும் பிரகாச ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அந்தக் கணக்கில் பச்சை நிறத்தின் பங்குதான் அதிகம். அதனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிவதை அது காட்டிக்கொடுக்காது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு வலது சுவரில் போய் முட்டி நிற்பது தெரியும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள். இறக்காமல் எடுத்த பாய், சிவப்புச் சார்ட் அட்டை வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாக இருக்கும்.

இனி ஜன்னல். பொருட்களைப் படமெடுக்க வடக்கு ஜன்னலே சிறந்தது என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. சொன்னவர்கள் ஐரோப்பாவில் இருந்துகொண்டு சொன்னார்கள். அவர்களுக்கு நண்பகல் வெயில் எப்போதும் தெற்கில்தான். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து நிழலை விழுங்கிவிட்டு வடக்கே தாண்டுகிறது. ஆகஸ்டு கடைசியில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் காலை முதல் மாலை வரை சூரியன் வானத்தின் வடபாதியிலேயே இருக்கிறது. ஜூனில் வடக்கு ஜன்னலை நம்பி உட்கார்ந்தால் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக உள்ளே வந்து மேசையில் ஏறும். அப்போது மேசையைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றிக்கொள்வேன். அங்கே நாள் முழுவதும் நேர் வெயில் எட்டிப் பார்க்காது. அக்டோபர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை வடக்கு ஜன்னல். பாடப்புத்தகம் நம் ஊருக்கு அந்த அரை ஆண்டுதான் பொருந்துகிறது.

ஜூன், ஜூலையில் இன்னொரு சங்கடம். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இங்கே மழை இராது. ஆனால் மலைப்பக்கத்திலிருந்து மேகங்கள் ஓட்டமாக ஓடிவரும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வெளிச்சம் மாறிவிடும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் பத்துப் பொருளும் பத்து விதமாக வரும். எல்லாவற்றையும் கையால் அமைத்துவிட்டு, மேகம் ஒரு நிலைக்கு வரும்வரை டீ குடிப்பதே உத்தமம்.

ஜன்னல் ஒளி கடுமையாக இருந்தால் ஒற்றை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒளியை மென்மையாக்கக் கடையில் விற்கும் டிஃபியூசருக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. நிழல் கடுமையாக விழுகிறது என்று பொருளை ஜன்னலைவிட்டுத் தள்ளி வைப்பவர்களைப் பார்க்கிறேன். தள்ளத் தள்ள அந்த ஜன்னல் பொருளுக்குச் சிறிதாகிறது, நிழல் இன்னும் கூர்மையாகிறது. நெருக்கி வையுங்கள்.

வேட்டி என்றதும் ஒரு எச்சரிக்கை. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வேண்டாம். அதன் வழியாக வரும் ஒளியில் நீலம் கலந்திருக்கும். அந்த வேட்டியையே வெள்ளை என்று காட்டி, கேமராவின் நிறக் கணக்கான ஒயிட் பேலன்ஸை அமைத்தால் கேமரா நீலத்தை ஈடுகட்டப் போய்ப் படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். சாம்பல் நிற கிரே கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். அதைப் பொருள் இருக்கும் இடத்திலேயே, அதே ஒளியில் பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து நிறத்தை அமையுங்கள்.

அதற்கு முன்னால் அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட வேண்டும். ஜன்னலிலிருந்து பகல் ஒளி, மேலே டியூப்லைட், மூலையில் மஞ்சள் பல்பு என்று மூன்று நிறம் ஒரே பொருளின் மீது விழுந்தால், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்ற இரண்டும் கெடும். எடிட்டிங்கிலும் அதே கதைதான். சுவரையும் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் இளம்பச்சை டிஸ்டெம்பர் அதிகம். அந்தப் பச்சை பொருளின் நிழல்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுவருக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு தெர்மோகோலை நிறுத்தினால் போதும்.

அல்வாவுக்கு வருகிறேன். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அந்தப் பண்டத்தின் ஊடே ஒளி கொஞ்சம் புகும். அதனால் ஒளி பின்பக்கத்திலிருந்து, சற்று மேலாக வர வேண்டும். அப்போதுதான் ஓரங்கள் தேன் நிறத்தில் ஒளிரும், மேற்பரப்பில் நெய் பளபளக்கும். முன்னாலிருந்து ஒளி விழுந்தால் வெறும் பழுப்புக் கட்டிதான். அல்வா எடுக்கும் நாளில் ஏ.சி.யை நிறுத்திவிடுவேன், குளிரில் நெய் உறைந்து பூத்துப்போய் மினுக்கு மங்கிவிடும். முதலில் பழைய துண்டு ஒன்றை இலையில் வைத்து ஒளி, கோணம், குவியம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வேன். அதன் பிறகே கடையிலிருந்து சூடாக வந்த பொட்டலத்தைப் பிரிப்பது. கைக்கெட்டும் தூரத்தில் சூடான அல்வாவை வைத்துக்கொண்டு வேலை செய்வதிலுள்ள இன்னொரு இடர்ப்பாட்டை இங்கே எழுத வேண்டியதில்லை.

பித்தளைக் குத்துவிளக்கு இவையெல்லாவற்றுக்கும் எதிர்ச் சாதி. அது தன்னைக் காட்டாது, உங்கள் அறையைக் காட்டும். ஜன்னல் கம்பி, மின்விசிறி, உங்கள் கட்டம்போட்ட சட்டை, எல்லாம் அதன் வயிற்றில் தெரியும். லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற வடிகட்டியை மாட்டினால் போய்விடும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கண்ணாடி, அரக்குப் பூச்சு, தண்ணீர் ஆகியவற்றின் மினுக்கைத்தான் அது அடக்கும். வெறும் உலோகத்தில் நேராகப் பிரதிபலிப்பதை அடக்காது. அரக்குப் பூசிய அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானுக்கு அதைப் பயன்படுத்துங்கள், விளக்குக்கு வேண்டாம். விளக்குக்குச் செய்ய வேண்டியது, அது காட்டப்போகும் அறையை ஒழுங்கு செய்வது. இரு பக்கமும் வெள்ளைச் சார்ட் அட்டை, மேலே பட்டர் பேப்பர். வெள்ளை மட்டும் சூழ்ந்தால் விளக்கு மொழுக்கென்று ஆகிவிடும். ஆகவே இரண்டு ஓரத்திலும் குறுகிய கறுப்பு அட்டைப் பட்டைகள். அந்தக் கறுப்புதான் விளக்கின் உருவத்துக்குக் கோடு போட்டுத் தருகிறது. கேமராவுக்கு முன்னாலும் லென்ஸ் அளவுக்கு ஓட்டையிட்ட ஓர் அட்டை வேண்டும். புளி போட்டுத் துலக்கி, ஈரம் போகத் துடைத்த பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். ஒரு விரல் ரேகையைத் துணியால் துடைக்க ஒரு நொடி. கணினியில் வளைந்த உலோகத்தின் மீதிருந்து அழிக்க எவ்வளவு நேரம் என்று எடிட்டரைக் கேட்டுப் பாருங்கள்.

சுற்றுப்புறத்தைக் கட்டுவது புதிய யோசனை இல்லை. 1930இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் உட்புறம் ஒளியை எல்லாப் பக்கமிருந்தும் காய்மேல் திருப்பிவிட, அதன் வளைவுகள் மனித உடல்போல் திரண்டு வந்தன. கடையில் கிடைக்கும் காய், கடையில் கிடைக்கும் புனல்.

காருக்குறிச்சிப் பானையைக் கைபேசியில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் உடையது. கிட்டே போய் எடுத்தால் வாய் பெருத்து அடி சிறுத்துவிடும். நான்கடி பின்னால் வந்து இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுங்கள். பானையின் எந்தப் பகுதி தெரிகிறது என்பதை நீங்கள் நிற்கும் தூரம் தீர்மானிக்கிறது. அதைப் பிறகு மாற்ற வழியில்லை. அழகுபடுத்தும் வசதிகளையும் அணைத்துவிடுங்கள், மண்ணின் சொரசொரப்பை அவை மழித்துவிடுகின்றன. தனிக் கேமராவில் எடுப்பவர்களுக்கு முக்காலி, இரண்டு விநாடி டைமர், ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை. எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று எஃப்/22 என்ற மிகச் சிறிய துளைக்குப் போனால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவி எல்லாமே சற்று மங்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கும் விற்பனையாளர்களிடம் நான் அழகைப் பற்றிப் பேசுவதில்லை, திரும்பி வரும் பார்சலைப் பற்றிப் பேசுகிறேன். படத்தில் குங்குமச் சிவப்பு, பிரித்தால் செங்கல் நிறம் என்று பாய் திரும்பி வந்தால் இரு வழிக் கூரியர்ச் செலவும் விற்றவர் தலையில்தான். சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்னணு வணிக விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும்; விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த விதியை எடுத்துக் காட்டுவேன். சிலர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

படத்தைக் கொடுக்கும் முன் நான் கணினியில் செய்வது ஓரம் வெட்டுவது, சாய்வை நிமிர்த்துவது, சென்சாரில் ஒட்டிய தூசியின் புள்ளியை எடுப்பது. கிரே கார்டு படத்தையும் கூடவே கொடுத்துவிடுவேன், அச்சகத்தில் நிறம் தவறினால் ஒப்பிட்டுக்கொள்ள. பிறகு நோட்டில் எழுதி வைக்கிறேன்: எந்த ஜன்னல், எத்தனை மணி, மேசைக்கும் ஜன்னலுக்கும் எத்தனை அடி, தெர்மோகோல் எங்கே நின்றது. பாய்க்காரர் அடுத்த தறியிலிருந்து இறங்கிய பாயோடு வந்தால், பழைய படங்களோடு ஒட்டிப்போகும் புதிய படம் அன்று மதியத்துக்குள் தயாராகிவிடும்.