சோகை: 'ரத்தம் இல்லை' என்று சொன்னால் போதுமா?

பாம்பன், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கம் கர்ப்பிணியைச் சோதித்த நர்ஸ் சொல்வது 'அனீமியா'. அந்தக் கர்ப்பிணி வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொல்வது 'ரத்தம் இல்லையாம், அத்தை'. கிரேக்கத்தில் 'ஹைமா' என்றால் குருதி. முன்னே நிற்கும் 'அன்' இன்மையைக் குறிக்கும். ஆக, அந்தப் பெண் தெரியாமலே சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் நோய் அதுவல்ல. கர்ப்ப காலத்தில் குருதியின் அளவு கூடத்தான் செய்கிறது. குறைவது அதிலுள்ள ஹீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்கும், இரும்பு சேர்ந்த சிவப்புப் பொருள். 'ரத்தம் இல்லை' என்று கேட்டதும் வீட்டார் பீட்ரூட்டும் மாதுளையும் வாங்க ஓடுகிறார்கள். சிவப்பு சிவப்பைத் தரும் என்ற நம்பிக்கை. அவற்றில் இரும்பு சொற்பம். காசு கரைகிறது, எண் ஏறுவதில்லை.

தமிழில் இதற்கு நிலைத்த பெயர் சோகை. காய்ந்து வெளிறிய கரும்புத் தாளையும் சோகை என்போம். நோயாளியின் முகமும் அந்த நிறம்தான். சித்த மருத்துவத்தில் இதைப் பாண்டு, வெளுப்பு நோய் என்பார்கள். பாண்டு வடசொல், வெளிறியது என்று பொருள். நோய் முற்றினால் காலில் நீர் கோக்கும். அந்த வீக்கத்துக்குச் சோபை என்று தனிப்பெயர் உண்டு. பழம்பாடல்களின் பசலையை இதோடு குழப்ப வேண்டாம். அது பிரிவால் வரும் நிறமாற்றம், தலைவன் திரும்பினால் தீரும்; சோகை அப்படித் தீராது.

இரத்தம் வடமொழி வழி வந்தது, குருதி தமிழ். எழுத்தில் குருதிச்சோகை அழகு. நோயாளியிடம் பேச இரத்தசோகையே போதும். எங்களுக்கு முக்கியமாகப் படுவது முன்னொட்டு. இரும்புக்குறைச் சோகை, வைட்டமின் பி12 குறைச் சோகை, சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் அரிவாள் செல் சோகை என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் மருந்து எதுவென்று தெரியும். இங்கே பெரும்பாலும் காண்பது முதல் வகை.

பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) குருதிக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை, கர்ப்பிணிக்கு 11. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே என்றால் கடுமையானது. உடனே ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது.

வயசுக்கு வந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று சில நாள் கவனிப்பு. பிள்ளை பெற்றதும் பால்சுறாப் புட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே அவள் தட்டை யாரும் பார்ப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்த இரும்பு ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. மாதவிடாயில் போவதை ஈடுகட்டத்தான் அந்தக் கூடுதல். கடலுக்குப் போகிறவருக்கு நடுத்துண்டு போய்விடும். கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு வாலும் குழம்பும். கூடுதலாகத் தேவைப்படுகிறவள் குறைவாகச் சாப்பிடுகிறாள். பிறகு 'சோகை பிடிச்ச மூஞ்சி' என்று அவளையே திட்டுகிறோம். இது அநியாயம்.

கரையிலேயே தீர்வில் பாதி கிடக்கிறது. கீரையின் இரும்பு எளிதில் உடம்பில் சேராது. மீனின் இரும்பு சேரும், கூடவே கீரையின் இரும்பையும் சேர வைக்கும். அதனால் முருங்கைக்கீரைத் துவட்டலையும் சாளைக் குழம்பையும் ஒரே வேளையில், ஒரே தட்டில் வைக்க வேண்டும். துவட்டலை இறக்கி ஆறியபின் எலுமிச்சையைப் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி கெடும். மட்டி என்னும் சிப்பிக்கறி கிடைத்தால் இன்னும் நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் உள்ள கர்ப்பிணிக்கு ஆகாது.

கெடுப்பது டீ. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசிகளை எடுக்க விடியலில் கிளம்பும் பெண்களில் பலருக்கு ஒரு டம்ளர் டீதான் காலைச் சாப்பாடு. சாப்பாட்டோடு சேர்ந்தால் டீயின் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயைத் தள்ளி வைக்க வேண்டும்.

கர்ப்பிணிக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். பள்ளிப் பெண்களுக்கு நீல மாத்திரை, அதே அளவு, வாரம் ஒன்று. குமட்டினால் இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். பிள்ளை கறுத்துவிடும் என்பது பொய். எண் 12 ஆனதும் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும். ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லையென்றால் காரணம் வேறாக இருக்கலாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். மணற்பாங்கான மண் கொக்கிப்புழுவுக்கு ஏற்றது. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் வழியே ஏறிக் குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும். அதற்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் உண்டு. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

தீட்டு நின்ற பிறகு சோகை வந்தால் 'வயசாகிட்டுது' என்று விடவே கூடாது. மாதவிடாய் இழப்பு இல்லாதபோது ரத்தம் வேறெங்காவது போகலாம்: வயிற்றுப் புண், மூலம், குடல் கட்டி, கர்ப்பப்பை. டானிக் வாங்கிக் கொடுக்குமுன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.