பைபாஸை விட்டு இறங்கினால் பலகைக் கல்

"சார், பெங்களூர்ல இருந்து சேலத்துக்கு கார்ல வர்றோம். வழியில பார்க்கிற மாதிரி பழைய கட்டடம் ஏதாவது இருக்கா?" என்று மாதம் ஒருவராவது போனில் கேட்கிறார். ஒகேனக்கல்லை விட்டால் இந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு பழைய கட்டடங்களுக்கு வைத்தியம் பார்க்கிற கட்டமைப்புப் பொறியாளன் நான். என் பதில் ஒன்றுதான்: கோபுரத்தைத் தேடாதீர்கள், பலகைக் கல்லைத் தேடுங்கள்.

தஞ்சாவூர் மாதிரி வானளாவிய விமானம் எங்களுக்கு வாய்க்கவில்லை. வாய்த்தது பாறை. ஓசூர் தாண்டி சூளகிரி நெருங்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் சாலையோரத்தைக் கவனிக்கட்டும். காட்டு வேலிக்குக் கல், பந்தலுக்குக் கால் கல், மாட்டுக் கொட்டகைக்குச் சுவரே நிறுத்தி வைத்த பலகைக் கல். இந்தப் பாறை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிகிற குணம் உடையது. மேலே விறகை அடுக்கித் தீ மூட்டினால் சூட்டில் ஒரு அடுக்கு விரிந்து எழும்பும். பிறகு உளியும் ஆப்பும் போதும். அதனால்தான் மற்ற ஊர்களில் செங்கல்லும் மரமும் செய்த வேலையை இங்கே பலகைக் கல் செய்தது.

வண்டியை நிறுத்தி ஏதாவது ஒரு பாறை விளிம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னச் செவ்வகப் பள்ளங்கள், தீப்பெட்டி செருகுகிற அளவில் இருந்தால், அது கையால் உளி வைத்து ஆப்பு இறக்கிப் பிளந்தது. புல்லாங்குழலை நீளவாக்கில் பிளந்தது போல வழவழப்பான அரைவட்டக் கோடு இறங்கினால் அது டிரில் மெஷின், நம் காலத்து வேலை. இதைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் ஆகாது. கற்றுக்கொண்ட பிறகு கோயிலோ கோட்டையோ எங்கே போனாலும், எது பழைய கல், எது பின்னால் மாற்றிய கல் என்று பாதிக்குப் பாதி நீங்களே சொல்லிவிடலாம்.

இந்தப் பலகைக் கல் கட்டடக் கலையின் முதல் பாடம் மல்லசந்திரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாறைக் குன்றின் மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள். வாலியர் வீடு, குள்ளர் வீடு, பாண்டவர் வீடு என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பேர் சொல்வார்கள். வீடு அல்ல, இறந்தவர்களுக்கான நினைவிடம். நாலு பக்கம் நாலு பலகை, மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை. அதற்கு இடுதுளை என்று பெயர். போகிறவர்கள் எல்லோரும் அந்தத் துளையில் முகத்தை வைத்து செல்ஃபி எடுத்துவிட்டு வருகிறார்கள். நான் சொல்வது, மூலைகளைப் பாருங்கள். இந்த வகைக் கல்திட்டையில் ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே இருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் மாதிரி. ஒரு பலகை உள்பக்கம் சாய வந்தால் பக்கத்துப் பலகையின் விளிம்பு தடுத்துக்கொள்ளும். சாந்து இல்லை, ஆணி இல்லை, காடி வெட்டவில்லை. நான் கல்லூரியில் நாலு வருஷம் படித்த விஷயத்தை அவர்கள் கல்லைச் சாய்த்து வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மல்லசந்திரத்துக் கற்களில் வெள்ளை நிற ஓவியங்களும் உண்டு. விரலால் தேய்த்தால் போயே போய்விடும். தேய்க்காதீர்கள்.

அடுத்த பாடம் தருமபுரி டவுனுக்குள்ளேயே. கோட்டைக் கோயில் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். மல்லிகார்ஜுனர், காமாட்சி சன்னதிகள், இந்தப் பக்கத்தை ஒரு காலத்தில் ஆண்ட நுளம்பர் காலத் தூண்கள். காமாட்சி சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. குனிந்து பார்க்கிறவருக்குத்தான் கிடைக்கும். கூட்டம் எல்லாம் தொங்கும் தூணிடம் நிற்கும். தூணுக்கு அடியில் பேப்பரை நுழைத்து இந்தப் பக்கம் எடுக்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. மேலே போகிற உத்திரக் கல், பாரத்தைப் பக்கத்துத் தூண்களுக்குக் கடத்திவிடுகிறது. இந்தத் தூண் அதில் கோத்துத் தொங்குகிறது. எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் கூரைதான். பத்தடி நீளம், மூன்றடி அகலம், எட்டு அங்குல கனம் உள்ள ஒரு பலகைக் கல் ஒன்றரை டன் எடை வரும். கருங்கல்லை அழுத்தினால் எவ்வளவும் தாங்கும். வளைத்தால் பட்டென்று முறியும். அதனால் தூண்களை நெருக்கி நெருக்கி வைத்தார்கள். கல் மண்டபம் என்றாலே தூண் காடாக இருப்பது அழகுக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

அங்கிருந்து சேலம் சாலையில் கொஞ்ச தூரத்தில் அதியமான்கோட்டை. எல்லோரும் காலபைரவர் கோயிலுக்குப் போகிறார்கள், போகட்டும். சென்றாயப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்து தலையை நிமிர்த்திப் பாருங்கள், விதானம் முழுக்க ஓவியம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் சும்மா நின்றாலே போதும், உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 1791இல் ஆங்கிலேயர்கள் ராயக்கோட்டையைப் பிடித்தார்கள், கிருஷ்ணகிரியில் அடி வாங்கித் திரும்பினார்கள். வெயிலுக்கு முன்னால் ஏறி இறங்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

செத்துப்போன வீரனுக்காக நட்டு வைத்த நடுகற்களுக்கு வருகிறேன், ஏனென்றால் சேதம் அதிகம் நடப்பது இங்கேதான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் ஏரிக்கரை, புளியமரத்தடி என்று நடுகல் நிற்கும். பல ஊரில் அந்தக் கல்லில் நிற்கும் வீரர்தான் வேடியப்பன் என்கிற சாமி. எண்ணெய், மஞ்சள், பொங்கல் எல்லாம் உண்டு. கும்பிடுகிறவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டாம், அந்தக் கல் இத்தனை நூற்றாண்டு பிழைத்ததே அவர்களால்தான். நமக்குத்தான் பாடம் வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் பூசுகிறவர்களையும், கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பென்னாகரம் பக்கம் நான் மண்டியிட்டு ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து, "ஏன் சார், அதுக்கடியில பொன்னு கின்னு இருக்குதா?" என்றார். "இல்லைங்க, எழுத்து படிக்கிறேன்" என்றேன். "அப்ப சாயங்காலம் வாங்க, வெயில் சாஞ்சாத்தான் அது பேசும்" என்றார். அவர் சொன்னதுதான் சரியான முறை. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்கு மேலும் சாய்வெயிலில் வீரனின் வில், உடம்பில் தைத்த அம்பு, பின்னால் மாடு, எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். நடுப்பகலில் போனால் போன் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். கையே படவேண்டியதில்லை.

ஊருக்குச் சொல்கிற எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு ஒன்றில் ஒழுகலை நிறுத்தக் கூப்பிட்டார்கள். தேக்கு உத்திரம், மேலே குத்தாக அடுக்கிய மெல்லிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு. நான் அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டேன். ஒழுகல் நின்றது, மாலை போடாத குறையாகக் கொண்டாடினார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் உத்திரத்தின் முனைகள் ஈரத்தில் உளுத்துப் போயிருந்தன. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளே பூட்டிவிடும். அந்த வீட்டம்மா என்னைத் திட்டவில்லை, "பரவாயில்லை தம்பி" என்றார். அது இன்னும் உறுத்துகிறது. கல் மண்டப இடுக்குகளில் சாம்பல் நிறச் சிமென்ட் அப்பியிருப்பதைப் பயணத்தில் கண்டால், அங்கே என் மாதிரி ஒருவன் வந்து போயிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உழுத காட்டிலோ ஏரி தூர் வாரிய இடத்திலோ செதுக்கிய கல்லோ பானையோ கண்ணில் பட்டால் எடுத்து டிக்கியில் போட வேண்டாம். புதையல் பற்றிய சட்டம் 1878இலிருந்தே இருக்கிறது. இருந்த இடத்திலேயே படம் எடுத்து, விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். எடத்தை விட்டு நகர்ந்த பானைக்குப் பாதி கதை போய்விடும்.

பயணத்தின் கடைசி நிறுத்தமாகத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தை வையுங்கள். நடுகற்கள் வரிசையாக நிற்கும். கார் ஓட்டி வந்தவர்கள் அவசியம் அறிய வேண்டிய கல் ஒன்று இந்தப் பக்கம் கிடைத்தது: அதியமான் பெருவழியின் மைல்கல். நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்தில் வெட்டி, அருகிலேயே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் போட்டிருக்கிறார்கள். காதம் என்பது பழைய தூர அளவு. பெரிய குழி பத்து, சின்னது ஒன்று. எழுத்துத் தெரியாத வண்டிக்காரரும் இருட்டில் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். அதுவும் பலகைக் கல்தான்.

கிளம்பும் முன் அருங்காட்சியகத்துக்கு என்றைக்கு விடுமுறை என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.